மைதீன் பிச்சையின் கையெழுத்தும் என் பசை வாளியும்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். முந்தாநாள் காலை மைதீன் பிச்சை பாய் என் வீட்டுக்கு வந்து என்னிடம் மன்னிப்புக் கேட்டார். அங்கிருந்துதான் வந்தது.

அவர் ஹஜ்ஜுக்குப் போகிறார். கிளம்புவதற்கு முன் தெரிந்தவர்களை எல்லாம் பார்த்து, தப்பேதும் செய்திருந்தால் பொறுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். அதற்காக அறுபத்தெட்டு வயதில் கயத்தாற்றிலிருந்து பஸ் ஏறிக் கோவில்பட்டிக்கு வந்து, ஆட்டோ வைக்காமல் வெயிலில் நடந்து, என் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றினார்.

"தம்பி, நாலு வருசம் ஒண்ணா வேல பாத்துருக்கோம். என்னையறியாம ஒங்க மனசு நோவப் பேசியிருந்தா அல்லாவுக்காகப் பொறுத்துக்கிடணும்" என்றார்.

"பாய், என்ன பாய் நீங்க..." என்றேன். என் மனைவி முத்துசெல்வி காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். குடித்தார். "வெள்ளிக்கெழம காலைல மெட்ராசுக்கு ரயிலு. அங்கன இருந்து பிளேனு" என்றார். போய்விட்டார்.

இன்று வியாழன். மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டியவன் நான். நான்கு வருடத்துக்கு முன்னால், 2005-இல், அந்த மனிதரை ஒரு பொய்க்குச் சாட்சியாக நிற்க வைத்தேன். அது அவருக்குத் தெரியாது. நாளைக் காலை ரயில் வருவதற்குள் அவரிடம் சொல்லிவிட வேண்டுமா, சொல்லாமலே வழியனுப்ப வேண்டுமா என்று எனக்குப் புரியவில்லை. வாயால் சொல்லப் பயம். அதனால் கதையாக எழுதிப் பார்க்கிறேன். (எழுதவும் பயமாகத்தான் இருக்கிறது.)

2

தொடக்கம் ஒன்று: 'கரிசல் சீமையில் விளைந்த கடலை, கடல் தாண்டிப் போகும் நாளும் வந்தது.'

சே! வணிகர் சங்க ஆண்டு மலரில் போடுகிற வரி. போதாததற்குத் தப்பு வேறு. எங்கள் கரிசலில் பருத்தியும் உளுந்தும்தான். கடலை, செம்மண் பூமியான செவல்காட்டுச் சரக்கு. அடித்தாயிற்று.

தொடக்கம் இரண்டு: 'கம்பெனியின் லேபிள் அறையில் பொன்மணி என்றொரு பெண் வேலை பார்த்தாள். ஒருநாள் அவள் யாருக்கும் தெரியாமல் ஒரு காரியம் செய்தாள்.'*

* இது பொய். ஆனாலும் அடிக்காமல் விட்டுவைக்கிறேன். இதைச் சொல்கிறவன் எப்படிப்பட்ட ஆள் என்று உங்களுக்குத் தெரிய வேண்டாமா?

தொடக்கம் மூன்று: 'ஹலால் என்றால் கறிக்கடை விவகாரம் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம்.'

இது உண்மை. இங்கிருந்தே போகிறேன்.

3

சௌந்தரபாண்டியன் அண்ணாச்சிக்கு மூன்று தலைமுறையாகத் தீப்பெட்டித் தொழில். அதை ஒட்டிய இடத்தில் கடலைமிட்டாய்க் கம்பெனி ஒன்றும் போட்டார். நான் அதில் கிளார்க். அந்த வருடம் பினாங்கிலிருந்து ஒரு கண்டெய்னர் சரக்குக்கு ஆர்டர் வந்தது. கூடவே ஒரு நிபந்தனை: ஹலால் சான்றிதழ் வேண்டும்.

அண்ணாச்சி கடிதத்தை என் முகத்துக்கு நேரே ஆட்டினார். "ஏலே மாரி, கடலையும் வெல்லமும் ஏலக்காயும்தானல இருக்கு! இதுல ஆட்டக் கண்டானா மாட்டக் கண்டானா? நா முட்டையவே கேட்டுக்குள்ள விடமாட்டேன்."

அது நிஜம். தூக்குவாளியில் அவித்த முட்டை இருந்தால் வாட்ச்மேன் அறையிலேயே வைத்துவிட்டுத்தான் பெண்கள் உள்ளே வர வேண்டும். எங்களை விடச் சுத்தமான இடம் உண்டா என்ற திமிர் எங்கள் எல்லோருக்கும் இருந்தது.

(கொஞ்சம் கட்டுரை. பொறுத்துக்கொள்ளுங்கள்.) விசாரிக்க விசாரிக்கத்தான் அது எவ்வளவு பெரிய உலகம் என்று தெரிந்தது. துபாய்க்கு அனுப்பிய கடலைமிட்டாய்க்கு யாரும் எதுவும் கேட்டதில்லை. மலேசியாவில் அதற்கென்று அரசாங்க இலாகாவே இருந்தது. சிங்கப்பூர் வியாபாரி ஒருவர், ஒரு ஊர் முத்திரையை இன்னொரு ஊரில் மதிப்பார்கள் என்று நம்ப வேண்டாம் என்று போனில் எச்சரித்தார். நம் நாட்டில் இதற்கு அரசு ஆபீஸ் கிடையாது. சங்கங்களும் அறக்கட்டளைகளும்தான் சான்று கொடுத்தன. அவற்றில் எது கொடுத்தால் எந்தத் துறைமுகத்தில் செல்லும் என்பதற்குத் தனியாக ஒரு பட்டியல். எங்களுக்கு வந்த படிவம் பதினோரு பக்கம். மெஷினுக்குப் போடும் கிரீஸ் எதில் செய்தது, தட்டு துடைக்கும் பிரஷில் இருப்பது என்ன ரோமம், ஏலக்காய் எசன்ஸில் சாராயம் உண்டா. சாமானில் மட்டுமில்லை, சாமானைச் சுற்றுகிற தாளிலும் பெட்டியிலும்கூட ஆகாத பொருள் இருக்கக் கூடாது. ஒன்பதாம் பக்கத்தில் ஒரு கேள்வி: 'உற்பத்தியிலோ பொதியிலோ விலங்கிலிருந்து எடுத்த பொருள் ஏதேனும் பயன்படுகிறதா?'

'இல்லை' என்று என் கையால் எழுதினேன். எழுதிய அன்று அது உண்மை.

சான்று கொடுத்த அமைப்பு ஒரு முஸ்லிம் மேற்பார்வையாளர் தினமும் இருக்க வேண்டும் என்றது. நூற்பாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றிருந்த மைதீன் பிச்சை பாய் அப்படித்தான் வந்தார். அண்ணாச்சிக்கு அவர் வெறும் சடங்கு. ஒரு நாற்காலி, ஒரு பதிவேடு, ஒரு கையெழுத்து. பாய் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. வெல்ல மூட்டையைப் பிரிக்கும்போது நிற்பார். பாகு காய்ச்சும்போது நிற்பார். லேபிள் ஒட்ட மைதாப்பசை கிண்டும்போதும் போய் நின்று பார்த்தார்.

"என்ன பாய், பசையெல்லாம் பாக்குதீங்க? சும்மா போட்டுட்டு ஒக்காருங்க" என்று நான் கேலி செய்தேன்.

"அப்படிச் சொல்லாதீங்க தம்பி. அங்கன ஒரு தாயி இந்த முத்திரையப் பாத்துட்டு, எதும் யோசிக்காமப் பிள்ளை கையில குடுப்பா. அவளுக்குப் பதிலா நா பாக்கணும்லா? நா கையெழுத்துப் போடுதது தாள்ல இல்ல."

4

இனி லேபிள் அறை. முதல் பிரதியில் நான் எழுதியது இது:

'ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. மைதாப்பசை காயவில்லை. அட்டைப்பெட்டியில் ஒட்டிய லேபிள்கள் மறுநாளே வாயைப் பிளந்தன. பொன்மணி முன்னால் தீப்பெட்டி யூனிட்டில் இருந்தவள். அங்கே தீக்குச்சி மருந்தில் கலக்கும் வச்சிரப் பசையைக் கொஞ்சம் கொண்டுவந்து, யாரையும் கேட்காமல் மைதாப்பசையில் ஊற்றினாள். அவள் கண்ணில் ஒரு கள்ளத்தனம்—'

நிறுத்து. நிறுத்துடா மாரிராஜ்.

பொன்மணியின் கண்ணில் எந்தக் கள்ளத்தனமும் கிடையாது. அரசு ஆஸ்பத்திரியில் மூக்குத்தியைக் கழற்றச் சொன்னதற்கே அழுத பெண் அது. இந்தப் பாத்திரத்தை எழுதும்போதெல்லாம் நான் அவளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டவளாக்குவதை நானே கவனித்தேன். ஏன் என்று உங்களுக்கு இதற்குள் தெரிந்திருக்கும்.

நடந்தது இது. நனைந்த லேபிள் ஒன்றை விரலில் ஒட்டிக்கொண்டு அவள் என் மேஜைக்கு வந்தாள்.

"கிளார்க்கு தம்பி, இங்கன பாருங்க. நிக்கவே மாட்டேங்குது. என்ன செய்யட்டும்?"

நான் கப்பல் பேப்பர்களில் மூழ்கியிருந்தேன். தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "தீப்பெட்டி யூனிட்ல என்னத்தப் போடுவீங்க? அதப் போடுக்கா" என்றேன்.

"வச்சிரமா?"

"ஆமா. ஆள விடு."

அவ்வளவுதான். எங்கள் ஊரில் வச்சிரம் என்பது உப்பு, புளி போல ஒரு சாமான். கட்டியாக வரும், ஊறப்போட்டு உருக்குவார்கள், நாறும். தச்சர் வைத்திருப்பார், தீப்பெட்டிக்காரர் வைத்திருப்பார். அது எதிலிருந்து வருகிறது என்று யாரும் கேட்டுக்கொண்டதில்லை. முட்டையை வாசலில் நிறுத்திய கம்பெனிக்குள் அது தூக்குவாளியில் மூடி போட்டு, பக்கத்துக் கதவு வழியாகத் தினமும் நடந்து வந்தது.

யூனிட்டில் அதை உருக்குகிற நேரம் மதியம். பாய் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் போகிற நேரமும் அதுதான். நான் திட்டம் போட்டுச் செய்ததில்லை, சத்தியமாக. ஆனால் எழுதிப் படித்துப் பார்த்தால் திட்டம் போட்டது போலத்தான் தெரிகிறது. எனக்கே பகீரென்கிறது.

5

கார்த்திகையில், சான்று கொடுத்த அமைப்பின் சென்னை ஆபீஸிலிருந்து கடிதம் வந்தது. சரக்கு கிளம்புவதற்கு முன் ஆய்வாளர் ஒருவர் நேரில் வருவார். எதை எல்லாம் பார்ப்பார் என்று ஒரு பட்டியல். அதில் ஆறாவது: 'பசை – தாவரப் பசையா, எலும்புப் பசையா?'

எலும்புப் பசை. அந்த வார்த்தையைப் படித்ததும் தீப்பெட்டி யூனிட்டுக்கு ஓடினேன். அங்கே ஃபோர்மேன் சுடலைராஜ் பீடி குடிக்க வெளியே வந்து நின்றார்.

"அண்ணே, வச்சிரம் எதுல செய்யுதாங்க?"

"எலும்பு, தோலு, கொளம்பு எல்லாத்தையும் போட்டுக் காய்ச்சுததுதான். நாத்தத்துலயே தெரியலியாலே?"

"எந்த... எந்தப் பிராணி?"

"அத யாரு கண்டா! எது செத்துக் கெடக்கோ அது. மாடோ கழுதையோ பன்னியோ." சிரித்தார். "ஏம்ல, நக்கிப் பாக்கப் போறியா?"

நான் சிரிக்கவில்லை. குடோனுக்குப் போனேன். ஆயிரத்து நானூறு பெட்டிகள் ஒட்டி முடித்து அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றிலும் பச்சை நிறத்தில் ஹலால் முத்திரை. முத்திரைக்குப் பின்னால் எங்கள் வச்சிரம். பதிவேட்டில் ஒவ்வொரு நாளுக்கும் பாயின் கையெழுத்து. ஒரு பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அண்ணாச்சியிடம் சொல்லியிருக்கலாம். கப்பல் தேதி போயிருக்கும், ஆர்டர் போயிருக்கும், நான் போயிருப்பேன். பாயிடம் சொல்லியிருக்கலாம். அவர் அந்த நிமிஷமே பதிவேட்டை மூடிவிட்டு ஆய்வாளரிடம் உள்ளதைச் சொல்லியிருப்பார். அது எனக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் சொல்லவில்லை.

ஆய்வு நாளன்று காலையிலேயே பசை வாளியைக் கொண்டுபோய்க் கருவேலங்காட்டில் கவிழ்த்தேன். பொன்மணியிடம், "புது வாளில வெறும் மைதாப்பச கிண்டுக்கா. வச்சிரம் வேண்டாம்" என்றேன்.

"நீங்க சொன்னதத்தான செஞ்சேன்? எதுக்குத் தம்பி மூஞ்சி இப்படி வெளுத்துப்போச்சு?" என்று கேட்டாள். காய்ச்சல் என்றேன்.

ஆய்வாளர் பதினொரு மணிக்கு வந்தார். முப்பது வயதுகூட இருக்காது. மெதுவாகப் பேசினார், எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தார். வெல்லம், கடலை, குளுக்கோஸ் டப்பா, கிரீஸ். பிரஷை வெளிச்சத்தில் பிடித்து, நைலான்தானா என்று நெருப்புக்குச்சி கொளுத்திக் கருக்கிப் பார்த்தார். அவர் ஒவ்வொரு அடி எடுத்து வைக்கும்போதும் லேபிள் அறை ஒரு அடி கிட்டே வந்தது.

லேபிள் அறையில் புதுப் பசையைத் தொட்டார், முகர்ந்தார். பிறகு குடோனில் அடுக்கியிருந்த பெட்டி ஒன்றின் லேபிளை நகத்தால் நெருடினார். அது அசையவில்லை.

"நல்லா ஒட்டியிருக்கே. இதுவும் மைதாதானா?" என்று கேட்டார்.

என்னைப் பார்த்துத்தான் கேட்டார். நான் வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. அப்போது என் பக்கத்திலிருந்து பாய் பேசினார்.

"மைதாதான் அய்யா. நா கிட்ட நின்னு பாத்தது. அல்லா சாட்சி."

ஆய்வாளர் பேனாவை மூடினார். "நீங்க சொன்னாப் போதும் பாய்."

அண்ணாச்சி ஆய்வாளருக்கு இளநீர் வெட்டச் சொன்னார். எனக்கும் ஒன்று கொடுத்தார்கள். குடித்தேன்.

6

கதை என்றால் இந்த இடத்தில் பினாங்கிலிருந்து ஒரு ஃபேக்ஸ் வர வேண்டும். வரும் வரும் என்றுதான் நானும் இருந்தேன். ஃபேக்ஸ் மெஷின் கிர்ரென்று இழுக்கும்போதெல்லாம் முதல் ஆளாய் ஓடிப்போய்த் தாளைப் பிடுங்குவேன். மணி அடித்தால் போனை எடுக்க மாட்டேன். கண்டெய்னர் போய்ச் சேர்ந்தது, சரக்கு விற்றது, மறு ஆர்டர் வந்தது. ஒன்றுமே நடக்கவில்லை. மாட்டிக்கொண்டிருந்தால் ஒரு மாதத்தில் முடிந்திருக்கும். மாட்டாததால் நான்கு வருடமாக முடியவில்லை.

பசை அட்டைக்கு வெளியேதானே, மிட்டாயில் படவில்லையே என்று உங்களில் சிலர் எனக்காக வாதாடலாம். நானும் வாதாடியிருக்கிறேன். மார்க்கம் படித்த ஆலிம் யாரிடமாவது போய் இது குற்றமா, எவ்வளவு குற்றம் என்று கேட்டிருக்கலாம். கேட்டால் பதில் வந்துவிடுமே என்ற பயத்தில் கேட்கவில்லை.

இன்னொரு பயமும் இருக்கிறது. இந்தக் கதையை எழுதி அச்சில் போட்டால் அது யார் கைக்குப் போகும்? 'பார்த்தீர்களா, இந்த முத்திரை எல்லாம் சும்மா' என்று ஒருவன் தூக்கிக்கொண்டு ஓடுவான். 'பார்த்தீர்களா, இவன்கள் வேண்டுமென்றே செய்தார்கள்' என்று இன்னொருவன் ஓடுவான். இருவருக்கும் மைதீன் பிச்சை என்கிற மனிதர் கண்ணில் படமாட்டார். அவர் அன்றைக்கு யாருக்காகப் பெட்டி பெட்டியாய்ப் பார்த்தாரோ அந்தத் தாயும் படமாட்டாள். ஊரை மாற்றி, மிட்டாயைப் பிஸ்கட்டாக்கி எழுதலாமா என்று யோசித்தேன். செய்தால் அது இன்னொரு புது வாளி மைதாப்பசையாகத்தான் இருக்கும். அதனால் அப்படியே விட்டேன்.

7

முடிவுகள். மூன்று செய்து வைத்திருக்கிறேன்.

(அ) நான் ஸ்டேஷனில் அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். அவர் என்னைக் கட்டிப்பிடித்துப் பொறுத்துக்கொள்கிறார். எனக்குக் கண்ணீர்.

(இப்படி எழுதினால் நான் தூங்கலாம். அவர்? அல்லாவை வைத்துச் சொன்ன வாக்கு பொய்யாகிப்போனதைத் தலையில் தூக்கிக்கொண்டு, நாற்பது வருடமாகக் காசு சேர்த்துப் போகிற பயணத்தை அவர் எப்படிப் போவார்? என் பாரத்தை இறக்க அவர் தலைதானா கிடைத்தது?)

(ஆ) நான் சொல்லவில்லை. அவர் சந்தோஷமாகப் போய் வருகிறார். பேரீச்சம்பழமும் மக்காவின் ஜம்ஜம் தண்ணீரும் கொண்டுவந்து என் கையில் கொடுக்கிறார். நான் அந்தத் தண்ணீரை—

(இதற்கு மேல் எழுத முடியவில்லை. இரண்டு முறை முயன்றேன்.)

(இ) ஒரு கடிதம் எழுதி, அவருக்குத் தெரியாமல் பைக்குள் வைத்துவிடுகிறேன். மறுபடியும் அவருக்குத் தெரியாமலா? கிழித்தாயிற்று.

முத்துசெல்வியிடம் இன்று மத்தியானம்தான் முதல்முறையாக எல்லாவற்றையும் சொன்னேன். அவள் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைக்காமலே கேட்டாள்.

"அந்த மனுசன் நம்ம வீட்டுல காப்பி குடிச்சாவல்லா, அப்பமும் சொல்லலியா நீங்க?"

"பயமா இருந்துச்சுட்டி."

"ஆரு மேல பயம்? அவிய மேலயா, ஒங்க மேலயா?"



8

வெள்ளிக்கிழமை. இந்தப் பகுதியை ஸ்டேஷன் பெஞ்சில் வைத்து எழுதுகிறேன். மெட்ராஸ் ரயில் போய்விட்டது. பிளாட்பாரம் காலியாகிவிட்டது. நடந்ததை நடந்த வரிசையில் சொல்கிறேன்.

ஏழு மணிக்கே போய்விட்டேன். பாய் வெள்ளை ஜிப்பாவில், மகள்கள், பேரப்பிள்ளைகள் என்று பெரிய கூட்டத்தோடு நின்றார். எல்லோரும் அழுதார்கள். என்னைப் பார்த்ததும் அவரே கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, கையைப் பிடித்து, தண்ணீர்க் குழாய்ப் பக்கமாகக் கூட்டிப்போனார். அவர் கண் சிவந்திருந்தது.

"தம்பி, நீங்க வருவீங்கன்னு தெரியும். மூணு நாளா எனக்கு ஒறக்கமே இல்ல. ஒங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க பாய்."

"பயமா இருக்கு தம்பி. அங்கன போயி நின்னா எல்லாத்துக்கும் பதில் சொல்லணும். எனக்குப் பெரிய பாவம் ஒண்ணும் தெரியல. ஆனா அந்தக் கம்பெனில நாலு வருசம் கையெழுத்துப் போட்டேன்லா? ஆயிரக்கணக்கான பேரு என் வார்த்தைய நம்பித் தின்னுருக்காவ. நா கண்ணால பாத்ததத்தான் சொன்னேன். கண்ணுக்குத் தெரியாம எதும் நடந்திருந்தா? அப்படி இருந்தா, அங்கன போயி அதச் சொல்லி அழுதுட்டு வந்துரலாம். இல்லைன்னா இல்லைன்னு நிம்மதியா நிக்கலாம். தெரியாமப் போயி நிக்கதுக்குத்தான் பயமா இருக்கு. அந்தக் கம்பெனில என்னைய விட எல்லாம் தெரிஞ்சவரு நீங்க ஒருத்தருதான். சொல்லுங்க. எதும் உண்டா தம்பி?"

தூரத்தில் ரயில் ஊதியது. அவருடைய பேரன் "உம்மா கூப்புடுதாவ" என்று கத்தினான். பாய் திரும்பவில்லை. என் கையை விடவுமில்லை.

நான் சொன்ன பதிலை இங்கே எழுதினேன். ஒரு சொல்தான். அடித்துவிட்டேன். அடித்த இடத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்காதீர்கள், தாள் கிழிகிற மட்டும் அடித்திருக்கிறேன். அந்தச் சொல்லை உங்களிடம் கொடுத்தால் என்னைப் பற்றி ஒரு தீர்ப்பு எழுதி, மூடி வைத்துவிட்டுப் போய்விடுவீர்கள். அது எனக்குப் போதாது.

ஆகவே நீங்கள் வாருங்கள். குழாய்ப் பக்கத்தில், நான் நின்ற இடத்தில் நில்லுங்கள். எஞ்சின் பிளாட்பாரத்துக்குள் நுழைந்துவிட்டது. ரயில் இங்கே இரண்டு நிமிஷம்தான் நிற்கும். அவர் கை உங்கள் கையில் இருக்கிறது. அவர் உங்கள் முகத்தைத்தான் பார்க்கிறார்.

சொல்லுங்கள். உண்டா, இல்லையா?